ஆர்ட்பெக் 10 விஸ்கி: சுட்ட தேங்காயின் வாசம்

பீட் என்ற சொல்லை 19 வருடமாக விலைப்பட்டியலில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து நெகமம் போகிற வழியில் எங்களுக்குத் தேங்காய் நார் மில் இருக்கிறது. மட்டையை அடித்து நாரைப் பிரித்த பிறகு உதிர்கிற தூள் ஒரு காலத்தில் யாருக்கும் வேண்டாத கழிவு. மில்லுக்கு மில் மலைபோலக் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் செங்காவி நிறத்தில் தண்ணீர் ஓடும். இன்று அதையே கழுவி, உப்பை இறக்கி, களத்தில் காயவைத்து, 5 கிலோ கட்டியாக அழுத்தி, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றுகிறோம். அதற்குப் பெயர் கோகோ பீட். ஐரோப்பாவில் தக்காளியும் ரோஜாவும் அதில்தான் வேர்விடுகின்றன.

பெயரில் பீட் இருக்கிறதே தவிர, அசல் பீட் வேறு. குளிர்நாடுகளின் சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் குத்துச்செடியும் செத்து விழுந்து, தண்ணீருக்குள் காற்றுப் படாததால் முழுதாக மக்காமல், அடுக்கடுக்காகப் படிந்து உண்டாகிற கருமண் அது. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கால் ஆழத்துக்கு மண்வெட்டி இறங்கினால் 500 வருடம் வெட்டுப்பட்டதாக அர்த்தம். எங்கள் சரக்கு இந்த மண்ணுக்கு மாற்று. மாற்றை விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன், அசலை மோந்து பார்த்ததே இல்லை.

போன மார்கழியில் ஹாலந்திலிருந்து வந்த வாடிக்கையாளர் பச்சைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஆர்ட்பெக், பீட்டை எரித்த புகை ஏறிய ஸ்காட்லாந்து விஸ்கி, 10 வருடம் பீப்பாயில் ஊறியது, 700 மில்லி, ஆல்கஹால் 46 சதவீதம். "இத்தனை வருடமாக மாற்றுச் சரக்கு அனுப்புகிறீர்கள், அசலின் புகை எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா?" என்றார். அப்போது பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டிருந்தேன். பாட்டில் பீரோவுக்குள் போனது. தைப்பூசம் முடிந்தது, பங்குனி போனது, கோடையில் களம் காயும் காலம் என்பதால் மூச்சுவிட நேரமில்லை. திறந்தது ஆடியில்தான். நல்லதாகப் போயிற்று, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் தப்பாகத் திறந்தோம். ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்துச் சாளையில் மச்சானும் நானும் இன்னும் இரண்டு பேரும். எப்போதும் பிராந்திக்குச் செய்வதுபோல ஐஸ் கட்டியைப் போட்டு, மேலே சோடாவை நிரப்பிவிட்டோம். மச்சான் ஒரு வாய் வைத்தார். முகம் மாறியது.

"ஏனுங்க மாப்ள, காயத்துக்குப் போடற டிங்சர் வாசமல்ல அடிக்குது! இதையா கப்பல் ஏறி வந்து குடுத்தாங்க?"

இன்னொருவர் "கரி மூட்டம் போட்ட எடத்துல தண்ணி மொண்டு குடிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். இரண்டும் சரியான வார்த்தைகள்தான், அது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அவை குற்றச்சாட்டாகக் கேட்டன. ஐஸ் வாசனையைப் பூட்டிவிட்டது, சோடா இனிப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது, மிஞ்சியது சாம்பலும் கசப்பும். மூன்று டம்ளர் வாழைமரத்துக்குப் போனது. சென்ற வருடம் கோவையில் ஒரு ஓட்டல் பாரில் நான் கேட்காமலே இதே மாதிரிப் புகை விஸ்கியில் விளிம்பு வரை ஐஸ் போட்டுக் கொடுத்தார்கள், அன்றும் இதே சாம்பல்தான். ஆகவே முதலில் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பாட்டிலை ஐஸோடும் சோடாவோடும் எடைபோடாதீர்கள். அது அதற்கான சரக்கு இல்லை.

இரண்டாவது முறை தனியாக உட்கார்ந்தேன். மில்லுக்கு விடுமுறை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று தென்னை மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. சன்னலைச் சாத்திவிட்டேன், காற்றில் எந்த வாசனையும் நிற்காது. வாய் குறுகிய சின்னக் கண்ணாடிக் கோப்பை, அதில் 30 மில்லி. தண்ணீர் இல்லை. ஊற்றிவிட்டுக் கால் மணி நேரம் தொடவே இல்லை.

நிறம் பார்க்க ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். செவ்விளநீரை வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரிகிற வெளிர் மஞ்சள். புகை விஸ்கி என்றால் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். புகைக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, நிறம் மரப்பீப்பாயில் இருந்து வருகிறது.

மூக்கைக் கிட்டே கொண்டுபோனதும் வந்தது எரிகிற தீயின் புகை இல்லை, அணைத்த தீயின் வாசம். விறகடுப்பில் சமையல் முடிந்து, தண்ணீரைத் தெளித்துக் கொள்ளியை அணைக்கும்போது 'சுர்' என்று ஒரு ஆவி எழும்புமே, ஈரமும் சாம்பலும் கலந்து, அது. அதற்குள் மூக்கைப் பழக்க ஐந்து நிமிடம் ஆகிறது. பழகிய பிறகு புகை ஒதுங்கி வழிவிடுகிறது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளிய வாசம் வந்தது. புதிதாகத் தார் ஊற்றிய ரோடு, வெயில் ஏறாத காலை நேரத்தில். பாறை உப்பு. பிறகு, நனைந்து காய்ந்த கயிறு. கயிறு என்பதை நான் சும்மா சொல்லவில்லை, பிறந்ததிலிருந்து கயிற்று வாசத்தில் வளர்ந்தவன். ஊறவைத்த மட்டையில் ஒரு புளிப்பு இருக்கும், முறுக்கிய பிறகு அது அடங்கி மண்வாசம் வரும். அந்த இரண்டாவது வாசம் இதில் இருந்தது.

எல்லாவற்றுக்கும் அடியில் தேங்காய்.

முதலில் என் மூக்கை நம்பவில்லை. காலையிலிருந்து மாலை வரை தேங்காயிலேயே கிடக்கிறவன், கையில் ஒட்டியிருக்கும் என்று எழுந்துபோய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். வாசம் கோப்பையில்தான் இருந்தது. தேங்காயெண்ணெய் வாசம் இல்லை, பச்சைத் தேங்காயும் இல்லை. களத்தில் மூன்று நாள் வெயில் கண்ட கொப்பரை, இன்னும் முழுக்கக் காயாமல் நடுவில் ஈரப்பதம் இருக்கும்போது வருகிற இனிப்பு வாசம். அப்புறம் படித்துப் பார்த்தேன். இந்த விஸ்கியை ஊறப்போடுவது அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில். அமெரிக்காவில் பூர்பன் விஸ்கிக்குச் சட்டப்படி உட்புறம் தீயில் கருக்கிய புதுப் பீப்பாய்தான் வேண்டும், ஒருமுறை பயன்படுத்தினால் மறுமுறை அதில் பூர்பன் ஊற்ற முடியாது. அந்தப் பழைய பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. ஓக் மரத்தில் லாக்டோன் என்ற பொருள் இருக்கிறது, அதன் வாசம் தேங்காய் வாசமேதான். எங்கள் மில்லில் மட்டை பிரிக்கிற பெண்களை அழைத்து மோந்து பார்க்கச் சொன்னால் ஒரு விநாடியில் சொல்லிவிடுவார்கள்.

நாக்கில் வைத்தபோது முதலில் வருவது இனிப்பு. இதை எதிர்பார்க்கவே இல்லை. புகை முன்னால் நின்று அடிக்கும் என்று நினைத்தால், நாட்டுச்சர்க்கரைப் பாகின் முதல் பதம் போல் ஒரு இனிப்பு நாக்கு நுனியில் உட்காருகிறது. இரண்டு எண்ணுவதற்குள் மிளகு. நல்ல காரம், தொண்டையில் இல்லை, நாக்கின் இரு ஓரங்களிலும். அதன் பிறகுதான் புகை, அதுவும் பின்னாலிருந்து மேலே ஏறி மூக்கு வழியாக வெளியே வருகிறது. விழுங்கிய பிறகு வாயில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு வழுவழுப்பு நிற்கிறது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், 25 நிமிடம் கழித்தும் நாக்கின் அடியில் சாம்பலும் சர்க்கரையும் இருந்தன. இத்தனை நேரம் நிற்கிற எதையும் நான் இதற்கு முன் குடித்ததில்லை.

இரண்டாவது ஊற்றில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் விட்டேன். தெளிவாக இருந்தது லேசாக மங்கியது. பயப்பட வேண்டாம், சரக்கு கெட்டுப்போகவில்லை. பல விஸ்கிகளைக் குளிர வைத்து வடிகட்டுவார்கள், அப்படிச் செய்தால் எந்தக் குளிரிலும் பளிச்சென்று இருக்கும், ஆனால் கொழுப்பான சில பொருட்கள் வடிகட்டியிலேயே நின்றுவிடும். ஆர்ட்பெக் 10 அப்படிக் குளிர்வடிகட்டாமல் 46 சதவீதத்தில் அடைக்கப்படுகிறது. அந்த அளவுக்குக் கீழே போனால் அவை கரையாமல் மங்கலாகத் தெரியும். நான் சொன்ன வழுவழுப்பு அவற்றால்தான். தண்ணீர் விட்டதும் எலுமிச்சை முன்னுக்கு வந்தது, தார் பின்னுக்குப் போனது. எனக்குப் பிடித்த அளவு இதுதான்: 30 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி. இரண்டு தேக்கரண்டி போனால் மிளகு செத்துவிடுகிறது.

அப்போதுதான் அந்த நினைவு வந்தது. இவ்வளவு நேரமாக எங்கேயோ இதை அறிந்திருக்கிறேன் என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, ஊர் பவானிக்குப் பக்கம், காவிரிக் கரை. அங்கே ஆடி முதல் நாள் தேங்காய் சுடுகிற நோம்பி. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, அதனால் சின்ன வயதில் ஒவ்வொரு வருடமும் அதற்கென்றே அம்மா எங்களை அழைத்துப் போவார். அப்புச்சி முற்றல் தேங்காயாகப் பொறுக்கி, நார் துளியும் இல்லாமல் தரையில் தேய்த்து வழுவழுப்பாக்கித் தருவார். ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரைக் கொஞ்சம் வடித்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், எனக்கு இருந்ததில்லை, அம்மாயி வந்து முடித்துத் தருவார். பிறகு மஞ்சள் தடவிய அழிஞ்சிக் குச்சியைச் செருகி, வாசலில் மூட்டிய தீயில் சுற்றிச்சுற்றிக் காட்டுவோம். முதலில் ஓட்டில் ஒட்டியிருக்கிற மயிர்நார் பொசுங்கும். அடுத்து ஓடு கருத்து, எண்ணெய் கசிந்து மினுமினுக்கும். உள்ளே வெல்லம் உருகித் தேங்காய்த் தண்ணீரோடு கொதிக்கிற சத்தம் குச்சி வழியாகக் கைக்குத் தெரியும். டப்பென்று ஓடு விரிசல்விடும். அந்த விரிசலில் இருந்து ஒரு ஆவி வரும்: வெளியே கரிந்த ஓடு, உள்ளே வெல்லமும் வெந்த தேங்காயும், நடுவில் பச்சைக் குச்சி வேகிற கசப்பு. பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், தேங்காய்ப் பருப்பின் முதுகு பழுப்பாகி, புகை ஏறியிருக்கும்.

ஆர்ட்பெக்கில் இருப்பது அந்த விரிசல் ஆவி. ஒரு துளிகூட மிகைப்படுத்தவில்லை. ஆடியில் திறந்தது நல்லதாகப் போயிற்று என்று சொன்னேனே, இதற்குத்தான். அம்மாயி போய்ப் பல வருடம் ஆகிறது, அந்த வாசலில் இப்போது சிமெண்ட் போட்டுவிட்டார்கள். 30 மில்லியில் அந்த வாசல் திரும்பி வந்தது.

மனதின் மயக்கமாக இருக்குமோ என்று காரணத்தையும் தேடினேன். மயக்கம் இல்லை. மரமும் செடியும் எரியும்போது அவற்றிலுள்ள லிக்னின் உடைந்து ஃபீனால் வகைப் பொருட்களாகப் புகையில் வருகிறது. அதில் குவாயகால் என்பது விறகுப் புகை வாசம், கிரெசால் என்பது தாரும் டிங்சரும் கலந்த வாசம். தேங்காய்த் தொட்டியில், அதாவது ஓட்டில், லிக்னின் மிகுதி, அதனால்தான் அதை எரிக்கிற புகை அப்படி மூக்கைத் துளைக்கிறது. பீட் எரிகிற புகையிலும் இதே குடும்பம்தான். காங்கேயம் பக்கம் தொட்டிக்கரி சுடுகிற இடத்தைக் கடந்து போனவர்களுக்கு இந்த விஸ்கி பாதி தெரிந்த முகம். மச்சான் சொன்ன டிங்சரும், நண்பர் சொன்ன கரி மூட்டமும் ஒரே பாட்டிலின் இரண்டு உண்மைகள்.

புகை எப்படி உள்ளே போகிறது என்பதும் சொல்ல வேண்டியது. பார்லியை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள், நாம் ராகியை முளைகட்டுவது போலத்தான். முளை விட்டதும் அதை நிறுத்த உலர்த்த வேண்டும். ஓட்டை போட்ட தளத்தில் பரப்பி, அடியில் பீட்டை எரிக்கிறார்கள். தானியம் ஈரமாக இருக்கும் வரைதான் புகை அதன் மேல் நன்றாக ஒட்டும். அதற்குப் பிறகு அரைத்து, வெந்நீர் ஊற்றி, புளிக்கவைத்து, செம்புப் பானையில் இரண்டு முறை காய்ச்சி, பத்து வருடம் பீப்பாயில் கிடந்த பிறகும் அந்தப் புகை போகவில்லை என்றால் எத்தனை ஆழமாக ஏறியிருக்க வேண்டும்! ஸ்காட்ச் என்று பெயர் வைக்க மூன்று வருடம் பீப்பாயில் கிடந்தால் சட்டத்துக்குப் போதும். இது பத்து.

இதெல்லாம் நடப்பது ஐலா என்கிற தீவில். ஸ்காட்லாந்துக்கு மேற்கே, சுமார் 3,000 பேர் வாழ்கிற ஊர். காற்று ஓயாத தீவு, மரம் குறைவு, விறகுக்கு வழியில்லை. ஆனால் காலுக்கடியில் பீட் கிடந்தது. வீட்டு அடுப்புக்கும் அதுதான், பார்லி உலர்த்தவும் அதுதான். ருசிக்காகத் தொடங்கியது இல்லை, இருப்பதை எரித்தார்கள். பனை இருக்கிற ஊரில் பனை, கரும்பு இருக்கிற ஊரில் சக்கை, எங்கள் ஊரில் மட்டை. தீவின் தென்கரையில் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்று மூன்று சாராய ஆலைகள் ஒரே பாதையில் மூன்று மைலுக்குள் வரிசையாக நிற்கின்றன. ஆர்ட்பெக் 1815-ல் தொடங்கியது. 1981-ல் மூடினார்கள், 1989-ல் திறந்து கொஞ்சமாக ஓட்டினார்கள், மறுபடி நின்றது, 1997-ல் கிளென்மொராஞ்சி என்ற விஸ்கி நிறுவனம் வாங்கி உயிர் கொடுத்தது. மூடிக்கிடக்கிற மில்லின் முன்னால் நின்றவனுக்குத்தான் அது திறப்பதன் அருமை தெரியும். நெகமம் வழியில் அப்படி மூடிய மில்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதனால் இந்த வருடங்களைப் படித்தபோது பாட்டிலைக் கொஞ்சம் நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

புகையின் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு ஃபீனால் என்று எண்ணால் சொல்கிறார்கள். ஆர்ட்பெக்கின் பார்லியில் 50-லிருந்து 55 என்று சொல்லப்படுகிறது, லஃப்ராய்க் 40-ஐத் தாண்டி நிற்கிறது. அதே தீவில் ப்ருயிக்லாடி ஆலை ஆக்டோமோர் என்ற பெயரில் ஒரு பதிப்பை 309 வரைக்கும் கொண்டுபோனது. இந்த எண்ணைப் பார்த்து விஸ்கி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது இல்லை. காய்ச்சும்போது பெரும்பங்கு போய்விடும், பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்தால் இன்னும் இறங்கும். எங்கள் தொழிலிலும் இப்படி ஒரு எண் உண்டு, உப்பு எவ்வளவு என்று கருவி காட்டும். 0.5-க்குக் கீழே என்றால் வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் எங்கள் மேஸ்திரி ஒரு பிடி அள்ளிப் பிழிந்து, விரலிடுக்கில் வடிகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துத்தான் "இது ஆகுமுங்க" என்பார். கருவி சரி என்று சொல்லி அவர் வேண்டாம் என்ற சரக்கை ஒருமுறை அனுப்பி, அது திரும்பி வந்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆர்ட்பெக்கின் சிறப்பு 55 இல்லை. காய்ச்சும் பானையின் கழுத்துக் குழாயில் ஒரு சுத்திகரிப்பு அமைப்பு இருக்கிறது, கனமான ஆவி அதில் குளிர்ந்து மறுபடி பானைக்கே இறங்கிவிடுகிறது. லேசானது மட்டும் மேலே போகிறது. அதனால்தான் இவ்வளவு புகைக்குள்ளும் எலுமிச்சை உயிரோடு இருக்கிறது.

மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால்: லஃப்ராய்க் 10-ஐ ஒரு கல்யாண வீட்டில் குடித்திருக்கிறேன். அதில் மருந்து வாசம் தூக்கல், கடற்பாசியும் பஞ்சும் டிங்சரும். பிடித்தவர்களுக்கு உயிர், எனக்கு இரண்டாவது வாய்க்கு மனம் வரவில்லை. லாகவூலின் 16 நேர்மாறு, பெரியவர் போல நிதானமாகப் பேசும், புகை பட்டுத்துணி போல. அது ஆர்ட்பெக்கைவிடப் பக்குவம் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் அந்த விரிசல் ஆவி அதில் இல்லை. நமக்குப் பக்கத்தில் பெங்களூரு அம்ரூத் இருக்கிறது. அவர்களுடைய ஃப்யூஷனில் ஸ்காட்லாந்தின் புகைப் பார்லியும் நம் நாட்டுப் பார்லியும் கலந்து வரும், 50 சதவீதம். புகைக்குப் புதியவர்கள் அதில் தொடங்கி இதற்கு வந்தால் திடுக்கிட மாட்டார்கள். நம் வெயிலில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவது ஸ்காட்லாந்தைப் போலப் பல மடங்கு, அதனால் அங்கே பத்து வருடத்தில் ஆவது இங்கே சீக்கிரம் ஆகிவிடுகிறது என்பது தனிக் கதை.

சாப்பாட்டுக்கு வருவோம். முதலில் பள்ளிபாளையம் சிக்கன் வைத்துப் பார்த்தேன். வரமிளகாய் காரம் இந்த மிளகோடு மோதி இரண்டும் வீணாகிவிட்டது. உப்புக்கண்டம் நன்றாகச் சேர்ந்தது. காய்ந்த கறியைச் சுட்டு, காரம் போடாமல், சின்ன வெங்காயத்தோடு. ஊத்துக்குளி வெண்ணெய் தடவி வறுத்த முந்திரி அதைவிட நன்று. எல்லாவற்றையும் மிஞ்சியது சுட்ட தேங்காய்ச் சில்லும் ஒரு துண்டு வெல்லமும். மூன்றாவது மாலை, வீட்டு அடுப்பில் ஒரு தேங்காய்ப் பத்தையைத் தணலில் காட்டி எடுத்தேன். ஒரு கடி தேங்காய், நாக்கில் கொஞ்சம் வெல்லம், அது கரைவதற்குள் ஒரு சொட்டு ஆர்ட்பெக். இதை ஸ்காட்லாந்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அந்த மாலை வீட்டுக்காரி அடுப்படிக்குள் எட்டிப்பார்த்து, "ஏனுங்க, நோம்பி போயி வாரமாச்சு, இப்ப எதுக்குத் தேங்கா சுடறீங்க?" என்றார். கோப்பையை நீட்டி மோந்து பார்க்கச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். நிதானமாக மோந்துவிட்டு, "எங்கம்மா வென்னித்தண்ணி அடுப்பு" என்றார். பிறகு இன்னொருமுறை வாங்கி மோந்தார்.

ஒரு மனக்குறையும் சொல்லியாக வேண்டும். பீட் நிலம் உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான், ஆனால் காடுகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பனைத் தனக்குள் பூட்டி வைத்திருக்கிறது. வெட்டினால் அது காற்றுக்குப் போகிறது. அதைத் தடுக்கத்தான் தோட்டக்காரர்கள் எங்கள் நார்த்தூளுக்கு மாறுகிறார்கள், என் சோறே அந்த மாற்றத்தில்தான். நீலகிரியின் புல்வெளிப் பள்ளங்களிலும் பீட் இருக்கிறது, 20,000 வருடத்துக் காலநிலையை அதன் அடுக்குகளில் இருந்து ஆராய்ச்சிக்காரர்கள் படித்திருக்கிறார்கள். நம் தலைக்கு மேலே, மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறினால் போதும். அப்படிப்பட்ட மண்ணை எரித்த புகையை நான் குடிக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். தோட்ட வேலைக்கு வெட்டுவதோடு ஒப்பிட்டால் விஸ்கிக்கு எரிப்பது சிறிதளவு. என்றாலும் இந்தப் பாட்டிலை மாதம் ஒன்று என்று வாங்கித் தீர்க்க எனக்கு மனம் வராது. 500 வருடத்து மண்ணின் புகைக்கு அந்த மரியாதையாவது தர வேண்டும்.

மதிப்பெண்: வாசனைக்கு 25-க்கு 24. நாக்குக்கு 25-க்கு 22, திறந்த முதல் வாரத்தில் மிளகு கொஞ்சம் முரடாக இருந்தது, பாட்டில் கால்வாசி இறங்கிய பிறகு அடங்கியது. விழுங்கிய பின் நிற்கிற ருசிக்கு 25-க்கு 25, இதில் குறைக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விலைக்கு 25-க்கு 18. ஐரோப்பாவில் 50 யூரோவை ஒட்டி விற்கிறது என்று கொடுத்தவரே சொன்னார், அங்கே அது நியாயமான விலை. நம் நாட்டில் வரி ஏறி வரும்போது நன்றாகக் கூடிவிடும். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் சொல்லி வாங்குங்கள், ஒருவர் இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். மொத்தம் 100-க்கு 89.

புகை பிடிக்காதவர்கள், பிராந்தியின் இனிப்பு வேண்டுகிறவர்கள் இதற்குப் பணம் போட வேண்டாம். மச்சானுக்கு மறுபடி ஒருமுறை, ஐஸ் இல்லாமல், தேங்காய்ச் சில்லோடு கொடுத்துப் பார்த்தேன். பாதிக் கோப்பை குடித்தார், "பரவால்லீங்க மாப்ள, ஆனா நமக்கு ஆகாது" என்றார். விறகடுப்பு வீட்டில் வளர்ந்தவர்கள், ஆலைக்கொட்டகையில் பாகு கிண்டும்போது பக்கத்தில் நின்றவர்கள், தொட்டிக்கரி வாசம் தெரிந்தவர்கள் ஒருமுறையாவது குடித்துப் பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு 30 மில்லிக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் நாக்குக்கு ஒன்றும் தெரியாது, சாம்பல்தான்.

பாட்டிலை நிறுத்தியே வையுங்கள், படுக்கப்போட்டால் கார்க்கை அரித்துவிடும். பாதிக்குக் கீழே போனால் காற்று புகுந்து புகை மெலியும் என்கிறார்கள், சின்னப் பாட்டிலுக்கு மாற்றி வைத்தால் தாங்கும். என்னுடையதில் இன்னும் நாலு விரல் இருக்கிறது. நேற்று அதைப் பழைய மருந்துப் பாட்டிலில், சுடுதண்ணீரில் நாலு முறை கழுவியதில், மாற்றி வைத்துவிட்டேன். அடுத்த ஆடி ஒன்றாம் தேதி பவானிக்குப் போகிறோம். அப்புச்சி வீட்டில் இப்போது மாமன் மகன் இருக்கிறார், அழிஞ்சிக் குச்சிக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.